தளபதிக்குப் பைத்தியமா, இல்லையா

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை இராயபுரம் கடற்கரையில் கிளம்பி, வெள்ளிக்கிழமைக்குள் திருவொற்றியூர் போய்ச் சேர்ந்தது. திருவொற்றியூரில்தான் எனக்குப் பெண் பார்த்து நிச்சயம் செய்திருந்தார்கள்.

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்தைந்து வயது. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் குமாஸ்தா. எந்த வேகன் எங்கே போகிறது என்று சீட்டு எழுதி ஒட்டுவது வேலை. பகலெல்லாம் இரயில் பெட்டிகளோடு இருப்பவனுக்கு மாலையில் மனிதர்கள் வேண்டியிருந்தார்கள். அதனால் ஒரு நாடக மன்றத்தில் சேர்ந்தேன். மன்றம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இராயபுரத்தில் ஒரு கயிற்றுக் கடைக்கு மேலே தார் வாசனை அடிக்கும் ஒரே ஒரு அறை. கடைக்காரர் வண்ணாரப்பேட்டைக்காரர், நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். இடம் அவருடையது என்பதால் எல்லா நாடகத்திலும் ராஜா வேஷம் அவருக்கே. நாடகத்தை எழுதி நடத்துபவர் உயர்நிலைப் பள்ளி ஆங்கில வாத்தியார். அவர் பேசுவதே மேடையில் பேசுவது போலத்தான் இருக்கும்.

அந்த வருடம் வாத்தியார் மேல்நாட்டுப் பழைய நாடகம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தார். கதை இதுதான். ஒரு தளபதி போரிலிருந்து திரும்புகிறான். ஊரில் அவன் அண்ணன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவன் மன்னன். தளபதி பழிவாங்கச் சபதம் செய்கிறான். யாருக்கும் சந்தேகம் வராமலிருக்கப் பைத்தியம் போல நடிக்கிறான். ஒரு மாதம் இரண்டு மாதமல்ல, மூன்று வருடம். கடைசியில் மன்னன் மகளின் கல்யாண விருந்தில் கத்தியை உருவுகிறான். ஐந்தாம் அங்கம் முடியும்போது மேடையில் எட்டுப் பிணம் கிடக்க வேண்டும். வாத்தியாரைத் தவிர எங்கள் மன்றத்தில் மொத்தமே ஒன்பது பேர். ஒன்பதாவது ஆள் திரை இழுக்கிறவர்.

மன்னன் மகளாக நடித்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மீசையை எடுக்கச் சம்மதித்தவர் அவர் ஒருவர்தான். எனக்குத் தளபதி வேஷம் கிடைத்ததற்கும் திறமை காரணமல்ல. தளபதிக்கு முப்பத்தெட்டுப் பக்கம் வசனம். மற்ற எல்லோருக்கும் ஷிப்ட் வேலை.

முதல் ஒத்திகையிலேயே வாத்தியார் என்னை நிறுத்திவைத்துக் கேட்டார்.

"தம்பி, நீ முதலில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். தளபதிக்கு உண்மையில் பைத்தியமா, நடிப்பா?"

"நடிப்புன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே சார்."

"அப்படி அவன் சொல்கிறான். அவன் சொல்வதை நம்பலாமா? மூன்று வருஷம் பைத்தியமாக நடிக்கிறவனுக்கு நடிப்பு எங்கே முடிகிறது, பைத்தியம் எங்கே தொடங்குகிறது? அதை யோசி. முடிவு செய்யாமல் மேடை ஏறாதே."

நான் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் பாய் குறுக்கே வந்தார்.

"அவன் கெடக்கறான் வாத்தியாரே. நான் இன்னாத்துக்கு அவன் அண்ணனைக் கொன்னேன்? மொதல்ல அத்த சொல்லு."

"பதவி ஆசை."

"நான்தான் ஏற்கெனவே ராஜாவாச்சே. அதுக்கு மேல இன்னா பதவி கீது?"

வாத்தியார் பிரதியை முன்னும் பின்னும் புரட்டினார். "விதி என்று வைத்துக்கொள்ளுங்களேன்" என்றார்.

"விதின்னா எம்மேல தப்பே இல்ல. தப்பு பண்ணாதவனை இவன் இன்னாத்துக்குக் குத்தறான்?"

அன்றைக்கு ஒத்திகை முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. மறுநாளும் தாண்டவில்லை. பாய் இரவில் படுத்துக்கொண்டு தன் பக்க நியாயங்களை யோசித்து, காலையில் கடை திறந்ததும் பெயிண்ட் டப்பாவின் மேல் சாக்பீஸால் எழுதி வைத்துவிடுவார். சாயங்காலம் அதைப் பார்த்துப் பார்த்துப் பேசுவார். தளபதியின் அண்ணன் எதிரி நாட்டோடு சேர்ந்து சதி செய்தான் என்பது அவர் கட்சி. "நாடகத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லையே" என்று வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார். "எழுதினவன் தளபதிக்குத் தோஸ்து, அதான் எழுதல" என்பார் பாய்.

எனக்கு என் கவலை. வீட்டில் அம்மா முன்னால் பைத்தியம் பழக முடியாது. ஆகவே வேலைக்குப் போகும் முன் விடிகாலையில் கடற்கரைக்குப் போனேன். கட்டுமரங்களைக் கரையேற்றி வைத்திருக்கும் இடத்துக்கு வடக்கே கொஞ்சம் ஆள் நடமாட்டம் குறைவு. அங்கே நின்று காரணமில்லாமல் சிரித்துப் பழகினேன். இது லேசான வேலை இல்லை. சிரிக்கக் காரணமில்லாதபோதுதான் வாய் எவ்வளவு கனம் என்று தெரியும். ஒரு நண்டுக்கு ராணுவ மரியாதை செய்தேன். பிறகு ஒரு கட்டுமரத்தின் முன் மண்டியிட்டு, "மன்னர் மன்னா!" என்று தொடங்கினேன்.

"இன்னா நைனா, யார்கிட்ட பேசிகினு கீற?"

திரும்பிப் பார்த்தால் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்கா. தலையில் கூடை. வேஷத்துக்குள் நுழைந்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் வெளியே வரக்கூடாது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். நான் வரவில்லை.

"காற்றோடு பேசுகிறேன், பெண்ணே! இந்த நாட்டில் பொய் சொல்லாத பிரஜை அது ஒன்றுதான்."

அக்கா கூடையை மெதுவாக மணலில் இறக்கினாள்.

"எதுனா துன்னியா?"

"பழியைத் தவிர எனக்கு வேறு உணவில்லை!"

அக்கா கூடையை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். பத்தடி போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் பேசிய விஷயம் அவளைப் பயமுறுத்தவில்லை, பேசிய தமிழ்தான் பயமுறுத்தியது என்று பிற்பாடு அவளே சொன்னாள். நேற்றுவரை "வஞ்சிரம் இன்னா வெலக்கா" என்று கேட்ட பையன் காலை ஆறு மணிக்குச் செந்தமிழ் பேசினால் யாருக்குத்தான் கலக்கம் வராது?

அவளைக் குறை சொல்லமாட்டேன். அவள் வம்பு பேசவில்லை, வருத்தம்தான் பட்டாள். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் கூடையை இறக்கி வருத்தப்பட்டாள். அவளுடைய வாசல்கள் காசிமேட்டில் தொடங்கித் திருவொற்றியூர்வரை இருந்தன.

சனிக்கிழமை மத்தியானம் என் வருங்கால மாமனார் யார்டுக்கு வந்தார். அவர் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் ஃபோர்மன். கட்டுக்கட்டாகக் குச்சிகளைப் பார்த்தே நல்லது கெட்டது பிரிப்பவர். வேகன் நிழலில் என்னை நிற்கவைத்து, பெட்டியிலிருந்து மூன்று குச்சி எடுத்து உரசிப் பார்ப்பது போல மூன்று கேள்வி கேட்டார்.

"மாப்பிள்ளை, உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மாமா."

"தூக்கம்?"

"நல்லாத் தூங்கறேன்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

இந்தக் கேள்வி வந்ததும்தான் எனக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் நான் செய்த தப்பு, தெளிவாக இருப்பவன் போல நடந்துகொள்ள முயன்றது. நிமிர்ந்து நின்றேன். கையை ஆட்டாமல் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, "சனிக் கிழமை, மாமா" என்று சொல்லிப் புன்னகை செய்தேன். புன்னகையை எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தேன். அவர் அரை அடி பின்னால் போனார்.

அந்த நேரம் பார்த்து பாய் சைக்கிளில் வந்தார். இறங்கக்கூட இல்லை, என்னைப் பார்த்துக் கத்தினார்.

"மாமு! நாளைக்குக் கொலை அஞ்சு மணிக்கு. கத்திய எட்த்துகினு வந்துடு. போன தபா மறந்துட்ட, பேஜாரா பூட்ச்சி!"

சொல்லிவிட்டு மணியடித்துக்கொண்டே போய்விட்டார்.

மாமனார் அந்த சைக்கிள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் ஆரம்பித்தேன்.

"மாமா, அது நாடகம். நான் அதுல பைத்தியமா நடிக்கிறேன்."

"ஓகோ. நடிக்கிறீங்க."

"ஆமா மாமா."

"அதாவது, உங்களுக்கு உள்ள ஒண்ணும் இல்லை. வெளியில பாக்கிறவங்களுக்குத்தான் அப்படித் தெரியுது."

"அதேதான் மாமா!"

அவர் பெருமூச்சு விட்டார். "என் ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன் கீழ்ப்பாக்கத்துல இருக்கான். அவனும் இதையேதான் சொல்றான்."

கடைசியில் ஒரு வழி சொன்னார். நாடகத்தை அவர், அவர் மனைவி, மகள் மூவரும் வந்து பார்ப்பார்கள். பார்த்த பிறகு கல்யாணத்தைப் பற்றிப் பேசலாம்.

அந்த வாரம் நான் பட்ட பாட்டை யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியவில்லை. பைத்தியமாக நன்றாக நடித்தால் பெண் போய்விடும். மோசமாக நடித்தால் நாடகம் போய்விடும். வாத்தியாரிடம் சொன்னேன். அவர் கண்கள் பளபளத்தன. "தம்பி, இதுதான் தளபதியின் நிலைமை! மன்னன் பார்க்கிறான், அவன் நம்பவும் வேண்டும், நம்பவும் கூடாது!" என்று என் தோளைத் தட்டினார். அவருக்குக் கல்யாணமாகி இருபது வருடம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை ஒத்திகைக்கு மீன்கார அக்கா வந்தாள். என் அம்மா அவளைப் பிடித்துச் சத்தம் போட்டிருந்தாள். சந்தேகம் தீர நேரில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்து, ஒரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்து நாடகம் முழுவதையும் பார்த்தாள். முடிந்ததும் வாத்தியாரிடம் கேட்டாள்:

"மூணு வருசமா இவன் இத்தயேவா பேசிகினு கீறான்?"

"ஆம் அம்மா. அவன் மனத்தில் ஒரு போராட்டம்."

"போராட்டமும் இல்ல, புண்ணாக்கும் இல்ல. இவனுக்குப் பைத்தியமும் இல்ல, நடிப்பும் இல்ல. பயம். கத்தியப் புட்சிகினு பயந்து கீறவன் இப்டித்தான் நீட்டி நீட்டிப் பேசுவான். எங்க குப்பத்துல வந்து பாரு."

வாத்தியார் அதைப் பிரதியின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். பாய் எழுந்துபோய் அக்காவுக்கு டீ வாங்கிவரச் சொன்னார். ராஜாவைக் குத்தப் பயப்படுகிறான் என்றால் ராஜாவுக்குப் பெருமைதானே.

நான் என் முடிவுக்கு வந்திருந்தேன். தளபதிக்குப் பைத்தியம் இல்லை. முழுக்க முழுக்க நடிப்பு. அதுவும் சபையில் மூன்றாவது வரிசைவரை தெரிகிற நடிப்பு. ஒவ்வொரு பைத்தியக்கார வசனத்துக்குப் பிறகும் ஜனங்களைப் பார்த்து, "நான் தெளிவாகத்தான் இருக்கிறேன்" என்பது போல லேசாகத் தலையசைத்துவிடுவது. கலைக்கும் கல்யாணத்துக்கும் பங்கமில்லாத வழி.

ஞாயிறு மாலை பள்ளிக்கூட மைதானத்தில் நாடகம் தொடங்கியது. நல்ல கூட்டம். துறைமுகத்து ஆட்கள், யார்டு ஆட்கள், குப்பத்துப் பெண்கள். மாமனார் குடும்பம் முன்வரிசையில். பெண்ணை நான் நிச்சயத்தன்று ஒருமுறை பார்த்ததுதான். இப்போது அவள் கைகளை மடியில் கட்டிக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவள் போல மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் இரண்டு அங்கமும் என் திட்டப்படி நடந்தன. சிரித்தேன், தலையசைத்தேன். உளறினேன், தலையசைத்தேன். மாமனார் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பின்வரிசையில் இருந்து ஒருவர், "இன்னாபா, களுத்து சுளுக்கிகிச்சா?" என்று கேட்டார். திரைக்குப் பக்கத்தில் நின்ற வாத்தியார் தன் துண்டையே கடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் அங்கத்தில் தளபதி தன் அண்ணனின் காலி நாற்காலியோடு பேசவேண்டும். ஒத்திகையில் நாற்காலி கிடையாது. ஒரு பெயிண்ட் டப்பாவோடுதான் பேசிப் பழகியிருந்தேன். அன்றைக்கு மேடையில் நிஜமான மர நாற்காலி போட்டிருந்தார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் ஒரு அண்ணன் உண்டு. ரங்கூன் துறைமுகத்தில் வேலைக்குப் போனவன். ஜப்பான்காரன் சண்டை வந்தபோது அங்கிருந்த ஜனங்கள் காட்டுவழியாக நடந்து வந்தார்கள். வந்தவர்கள் வந்தார்கள். அண்ணன் வரவில்லை. செத்தான் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. வீட்டில் அவனைப் பற்றிப் பேசுவதே நின்றுபோயிருந்தது. நாடகத்தில் நடிக்க ஒப்புக்கொண்டபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது தோன்றவேயில்லை.

நாற்காலியைப் பார்த்ததும் வசனம் மறந்துபோனது. "ஏன்டா வரலை?" என்று கேட்டேன். அது வாத்தியார் எழுதியதல்ல. "அம்மா இன்னும் உனக்கும் சேர்த்து உலை வைக்கிறா, தெரியுமா?" என்றேன். பிறகு என்னென்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அழுததும், நடுவில் எதற்கோ சிரித்ததும் நினைவிருக்கிறது. தலையசைக்க மறந்துவிட்டேன். முதல்முறையாக எனக்கு மேடையில் கைதட்டல் கிடைத்தபோது, முன்வரிசையில் என் மாமனார் மட்டும் நெற்றியில் கைவைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாம் அங்கம் இன்னொரு மாதிரி. திட்டப்படி ஆறு பேர் செத்து விழுந்தார்கள். மன்னன் மகள் விழும்போது சவுரி ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் போனது. நான் கத்தியை ஓங்கிக்கொண்டு பாயிடம் போனேன். பாய் கையை நீட்டித் தடுத்தார்.

"நில்லு! சாவறதுக்கு முன்ன நான் ரெண்டு வார்த்தை பேசணும்."

பிரதியில் அவருக்கு அங்கே "ஆ!" என்ற ஒரே வசனம்தான். ஆனால் பாய் இரண்டு மாதமாகச் சேர்த்துவைத்த நியாயங்கள் எல்லாம் உள்ளே இருந்தனவே. சபையைப் பார்த்துத் திரும்பி நின்று ஆரம்பித்தார். இந்த நாட்டுக்காகத் தான் பட்ட கஷ்டம், தளபதியின் அண்ணன் செய்த சதி, மகளின் கல்யாணத்தன்று விருந்துக்கு வந்த இடத்தில் கத்தி எடுப்பது எந்த ஊர் மரியாதை என்ற கேள்வி, எல்லாம் வந்தன. நான் கத்தியை ஓங்கியபடியே நின்றேன். கை வலித்தது. எப்போது குத்துவது என்று தெரியவில்லை. ஒருவன் தன் மகளைப் பற்றிப் பேசும்போது நடுவில் குத்த மனமும் வரவில்லை.

"மெய்யாலும் கரெக்டாத்தான் சொல்றாரு. பாயை வுட்ரு நைனா!" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. "ஆமா, வுட்ரு, வுட்ரு!" என்று பத்துக் குரல் சேர்ந்தது. பிணமாகக் கிடந்த மந்திரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். குப்பத்துப் பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து மீன்கார அக்கா எழுந்து நின்றாள்.

"அப்பவே சொன்னேன்ல, பயந்து கீறான்னு! குத்தறதுன்னா குத்து, இல்லாட்டி கத்திய கீய வச்சுட்டு வூட்டுக்குப் போ!"

வாத்தியார் திரை இழுக்கிறவரின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கித் தானே இழுத்தார். எட்டாக இருக்க வேண்டிய பிணம் அன்றைக்கு ஆறுதான். கைதட்டல் நெடுநேரம் கேட்டது. பெரும்பகுதி பாய்க்கு.

நான் முகத்துப் பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாமனார் உள்ளே வந்தார். பின்னால் மனைவி, மகள். அவர் தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை, அந்த நாற்காலிகிட்டப் பேசினீங்களே. அது நடிப்பா?"

அண்ணனைப் பற்றி ஏற்கெனவே அவருக்குத் தெரியும். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். "தெரியலை மாமா" என்றேன்.

அவர் அதை யோசித்தார். கீழ்ப்பாக்கத்துத் தம்பி எல்லாவற்றுக்கும் உடனே பதில் சொல்வானாம். தெரியவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லையாம். அதனால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது என்றார். ஆனாலும் முடிவு சொல்லாமல் நின்றார். அப்போதுதான் அந்தப் பெண் பேசினாள். என்னிடமல்ல, வாத்தியாரிடம்.

"சார், தளபதி ஏன் மூணு வருஷம் காத்துட்டிருந்தார்னு நாடகத்துல சொல்லவே இல்லையே?"

வாத்தியார் உற்சாகமாகக் கைகளை விரித்தார். "அதுதானம்மா இந்த நாடகத்தின் புதிர்! விதி என்பார் சிலர். பித்து என்பார் சிலர். அச்சம் என்றுகூட ஒரு கருத்து இருக்கிறது."

"இல்லை சார். பழி வாங்கிட்டா எல்லாம் முடிஞ்சு போயிடும். அப்புறம் அண்ணன் நிஜமாவே செத்துட்டதா ஆயிடும். அதான் தள்ளித் தள்ளிப் போட்டார்."

தார் பூசிய மேடைப் பலகையின் மேல் வாத்தியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாய் கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மாமனார் தன் மகளைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்துவிட்டு, "சரி, தை மாசமே வச்சுக்கலாம்" என்றார். ஒரே நிபந்தனை, கல்யாணம் ஆகும்வரை நான் கடற்கரைப் பக்கம் தனியாகப் போகக்கூடாது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. திருவொற்றியூர் உறவுக்காரர்கள் முகூர்த்தம் முடியும்வரை என்னைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள். புகை கண்ணில் பட்டு நான் கண்ணைக் கசக்கியபோது இரண்டு பேர் எழுந்து பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள்.

என் மனைவி வீட்டுக்கு வந்த சில மாதத்தில் அம்மாவிடம் அண்ணனைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். எப்படி இருப்பார், என்ன பிடிக்கும் என்று சாதாரணமாக, அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்பாள். அம்மா முதலில் பதில் சொல்லவில்லை. அப்புறம் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. அதுவரை நாங்கள் அண்ணனுக்குத் திவசம் கொடுத்ததில்லை; பேச்சை எடுத்தால் அம்மா எழுந்து போய்விடுவாள். அந்த ஆடி அமாவாசைக்கு அவளே, "கடலுக்குப் போயிட்டு வந்துடுங்க" என்றாள். எந்தத் திதியில் போனார் என்று ஐயர் கேட்டார். யாருக்கும் தெரியாது என்றோம். பரவாயில்லை என்று சொல்லி எள்ளைக் கையில் கொடுத்தார்.

திரும்பி வந்து சாப்பிடும்போது அம்மா தானாகவே பேசினாள். அண்ணன் பதினெட்டு வயதில் ஒரு கப்பல்காரனிடமிருந்து கிளி என்று நம்பி மூடிய கூடை ஒன்றை வாங்கி வந்தானாம். வீட்டுக்குள் கூடையைத் திறந்தால் உள்ளேயிருந்து ஒரு கிழட்டுச் சேவல் எட்டிப் பார்த்ததாம். அவன் விடவில்லையாம். நாலு நாள் அதன் எதிரில் உட்கார்ந்து, "அக்கா சொல்லு, அக்கா சொல்லு" என்று பேசக் கற்றுக்கொடுத்தானாம். அம்மாவுக்கு மேலே சொல்ல முடியவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் மனைவி, "அப்புறம் சொல்லுச்சா அத்தை?" என்று கேட்டாள்.